மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயது மகன்: சான்றிதழில் 60 சதவீதம் என்பதால் உதவித்தொகை இல்லை என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில் இருக்கிறது. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது எத்தனை நாளாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூத்த மகனுக்கு இப்போது ஏழு வயது. பிறந்தவுடன் அழவில்லை, பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ஒன்றரை வயதில் மூளை முடக்குவாதம் என்று சொன்னார்கள். இப்போது கழுத்து நின்றுவிட்டது, சாய்மானம் கொடுத்தால் உட்காருவான், நடக்க மாட்டான். வலிப்புக்கு இரண்டு வேளை மருந்து கொடுக்கிறோம். நான் பேசுவது பாதிக்கு மேல் அவனுக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அவன் வாயிலிருந்து வருவது 'ம்மா' என்ற ஒரே சொல்தான்.

நான்கு வயதாக இருந்தபோது ஒரு முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த மருத்துவர் கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கை கால் இயக்கக் குறைபாடு 60 சதவீதம் என்று எழுதினார். வலிப்பைப் பற்றியோ புத்தி வளர்ச்சியைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. கூட்டத்தின் நெருக்கடியில் நானும் சொல்லவில்லை. மஞ்சள் நிறக் கோடு போட்ட அடையாள அட்டை வந்தது. அதை வைத்துப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, கடுமையான பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

இனி வேறு வழி உண்டா? இரண்டாவதாக, வாரம் மூன்று நாள் இயன்முறைப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். அவன் 17 கிலோ இருக்கிறான். இளையவளுக்கு இரண்டு வயது. இரண்டு பேருந்து மாறி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடுகிறது. பயிற்சியை வீட்டிலேயே பெற அரசில் ஏதேனும் ஏற்பாடு உண்டா?

மறுமொழி: மார்த்தாண்டத்திலிருந்து, 19 வயது மகளின் தாய்

சகோதரி, உங்கள் கேள்வியில் 'நானும் சொல்லவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயதில் நானும் அதே தவற்றைச் செய்து மூன்று ஆண்டுகளை இழந்தேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு எழுதப்பட்ட 60 சதவீதம் அவனுடைய கை கால்களுக்கு மட்டும் உரியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் மூளை முடக்குவாதம் ஒன்று, அறிவுசார் குறைபாடு தனியாக வேறொன்று, ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் பன்முகக் குறைபாடு. ஏழு வயதில் ஒரே சொல் பேசும் குழந்தைக்கு அறிவுசார் மதிப்பீடு செய்யப்படவே இல்லை என்பதுதான் உங்கள் சான்றிதழில் உள்ள ஓட்டை. நான்கு வயதில் அது செய்யப்படாததற்கு ஒரு காரணமும் இருக்கலாம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள், வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். இப்போது அவன் ஏழு வயதைத் தொட்டுவிட்டதால் அந்தத் தடை இல்லை.

இதில் பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்குக் கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும் என்று உங்களிடம் சொன்னது சரிதான். ஆனால் அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதமே போதும், அது வேறு வாசல். மருத்துவக் குழுவிலுள்ள உளவியலாளர் சோதித்து, இலேசான அறிவுசார் குறைபாடு என்று மட்டும் முடிவு செய்தாலும், வழிகாட்டு நெறிகளின்படி அதற்கு 50 சதவீதம். அப்போதே அந்த வாசல் திறந்துவிடும்.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மற்ற வாசலும் திறக்கும். பலர் 60-ஐயும் 50-ஐயும் கூட்டி 110 என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணுடன் சேர்க்க வேண்டும். 90-இல் 60 போனால் 30. அதை 50-ஆல் பெருக்கினால் 1500. 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17. ஆக மொத்தம் 77. உங்களைத் திருப்பி அனுப்பிய 75-ஐ அது தாண்டிவிடுகிறது. குழந்தை அதே குழந்தைதான்.

ஆகவே முதல் வேலை, மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பிப்பது. இந்த முறை கையில் கொண்டுபோக வேண்டியவை: பிறந்தபோது மருத்துவமனையில் தந்த வெளியேற்றச் சுருக்கம், தலை ஸ்கேன், மூளை மின்னலைப் பரிசோதனைத் தாள், வலிப்பு மருந்துச் சீட்டுகள், இதுவரை பயிற்சி எடுத்த இடங்களின் குறிப்பேடு. கேட்காவிட்டாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள். சான்றிதழில் 'மூளை முடக்குவாதம்' என்ற சொல் வெளிப்படையாக வர வேண்டும் என்று பணிவாக ஆனால் திடமாகச் சொல்லுங்கள். 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று மட்டும் இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் உதவிகள் எதற்கும் உங்கள் மகன் தகுதி பெற மாட்டான், ஏனென்றால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு என்ற நான்கையும் மட்டுமே உள்ளடக்கியது.

மறுமதிப்பீட்டு முடிவும் ஏற்க முடியாததாக இருந்தால், உரிமைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். முடிவு வந்த 90 நாள்களுக்குள் செய்ய வேண்டும், குழந்தைக்காகப் பெற்றோரே செய்யலாம்.

உதவித்தொகை 1500 ரூபாயாக இருந்து 2023 சனவரி முதல் மாதம் 2000 ரூபாய் ஆனது. எல்லாவற்றுக்கும் பிறர் துணை தேவைப்படும் நிலையிலுள்ளவர்களுக்குப் பராமரிப்பவருக்கென்று மாதம் 1000 ரூபாய் தனியாக உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள், தாமாக யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். மகளிர் உரிமைத்தொகை வாங்கும் வீட்டில் குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை தர மாட்டார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கடுமையான குறைபாட்டுக்கான பராமரிப்புத் தொகை பெறும் உறுப்பினர் இருப்பது உரிமைத்தொகைக்குத் தடையல்ல என்று அத்திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. மற்றத் தகுதிகள் இருந்தால் தாய் உரிமைத்தொகையான மாதம் 1000 ரூபாயையும் பெறலாம்.

மறுமொழி: தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர்

மேலே சகோதரி எழுதியதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வரும் சேவை இரண்டு துறைகளில் தனித்தனியாக இருக்கிறது, ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. கல்வித் துறையில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தையை வீட்டுவழிக் கல்வியில் சேர்த்து வீடு தேடி வருவார்கள். இதற்கு உங்கள் மகனின் பெயர் ஏதேனும் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து என்ன பயன் என்று நினைத்துப் பல பெற்றோர் சேர்ப்பதே இல்லை, அங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் நாளையே பெயரைப் பதியுங்கள். சேர்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை.

சுகாதாரத் துறையில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்றே அதை மக்கள் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அதில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியர் ஒருவரும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், படுக்கையிலிருக்கும் குழந்தை என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இனி ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்றால், அவர் உங்கள் மலைச்சாலைக்கு வாரம் மூன்று முறை வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வருகிற நாளில் அவரைப் பயிற்சி செய்யவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை எங்கே பிடிக்கிறது, எந்த அளவு நீட்டுகிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர் முன்னிலையிலேயே நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள். ஆசாரிப்பள்ளத்திலுள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள். அங்கே வாரம் மூன்று முறை போவதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை போய், அந்த மாதத்துக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உட்காரவைப்பதைப் பற்றி ஒரு சிறு செய்தி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்று வடிவமைத்த சக்கர நாற்காலியை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இலவசமாக வழங்குகிறது. அதற்கும் விண்ணப்பம் கொடுங்கள். அது கிடைக்கும்வரை குழந்தையைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். நான் பணியிலிருந்தபோது, திருவட்டார்ப் பக்கம் ஒரு வீட்டில் அப்பா தச்சரைக்கொண்டு ரப்பர் மரப் பலகையில் ஒரு மூலை நாற்காலி செய்திருந்தார். முதுகுப் பக்கம் இரண்டு பலகை செங்கோணமாகச் சேர்ந்து, தோள்களை முன்பக்கம் கொண்டுவரும்; தொடைகளுக்கு நடுவே துணி சுற்றிய ஒரு கட்டை, கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளாமல் இருக்க; முன்னே ஒரு தட்டு, அதன்மேல் கை ஊன்ற. அளவு மட்டும் இயன்முறை மருத்துவர் எடுத்துத் தந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தக் குழந்தை முதன்முதலாக இருமாமல் கஞ்சி குடித்தது. படுக்கவைத்துப் புகட்டுவதால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய், அடிக்கடி நெஞ்சுச் சளி என்று மருத்துவமனையில் சேர்க்கும் குழந்தைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: நாகர்கோவிலிலிருந்து, 11 வயது மகனின் தந்தை

மருத்துவச் செலவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. இரண்டு காப்பீடுகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. உங்களுக்கு மாதாமாதம் உறுத்துவது மருந்து, பயிற்சி, பரிசோதனை ஆகியவை. அதற்குத் தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீடு இருக்கிறது: ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, புறநோயாளிச் செலவும் பயிற்சிக் கட்டணமும் உள்பட, ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு. சேரும்முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே உள்ள நோய் என்று விலக்குவதும் கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர 250 ரூபாய், ஆண்டுப் புதுப்பிப்பு 50 ரூபாய். மற்றவர்களுக்கு 500, 250. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் வழியாகத்தான் சேர வேண்டும். காப்பீட்டு ஆண்டு மார்ச் 31-இல் முடிந்துவிடும் என்பதால் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தால் அந்த ஆண்டுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. நான் அப்படித்தான் செய்தேன்.

நம் மாவட்டத்தாருக்கு இதில் இன்னொரு வசதி. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், நரம்பு சம்பந்தமாக ஏதேனும் என்றால் இன்றும் கால்கள் திருவனந்தபுரத்தை நோக்கியே போகின்றன. அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு மகனை ஆண்டுக்கு இரண்டு முறை கொண்டுபோகிறோம். மாநில உதவித்தொகை எல்லை தாண்டாது. கேரளத்தில் பராமரிப்பவர்களுக்கென்று தருகிற 600 ரூபாய் 'ஆஸ்வாசகிரணம்' எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் உள்ள நமக்கு இல்லை. ஆனால் நிரமயா மத்திய அரசினுடையது. எந்த மருத்துவமனையில் செலவு செய்தாலும் நாம் முதலில் கட்டிவிட்டு இரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஆகவே மூலச் சீட்டு, இரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். பயிற்சிக் கட்டணம் 100 ரூபாய் ஆனாலும் தேதி போட்ட இரசீது கேட்டு வாங்குங்கள்.

வருமான வரி கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: பழைய வரி முறையில் 40 சதவீதக் குறைபாடுள்ள சார்ந்தவருக்காக 75,000 ரூபாயும், 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

பேருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகனுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. உங்களுக்கு எப்படியும் கட்டணம் கிடையாது. ஆனால் மழை நாளில் வெட்டு இல்லாமல் வீட்டிலிருக்கும் உங்கள் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு வரலாம் அல்லவா, இந்தச் சலுகை அப்போது உதவும். 17 கிலோவை ஒருவரே சுமக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் நன்றி. கடைசி வரியைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார். அடுத்த மழை நாளில் தானே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். மறுமதிப்பீட்டுக்குப் போனால் இருக்கிற 60-ஐயும் குறைத்துவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகிறோமா என்கிறார். இன்னொன்று, ஆதாரில் இவனுக்கு விரல்ரேகை எடுக்கப்படவில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு எடுக்க வேண்டும் என்றார்கள், இரண்டு முறை போனோம். இவன் கைமுட்டி இறுகியே இருக்கும். நான் கட்டைவிரலைப் பிரித்து வைப்பேன், கருவியின் பச்சை விளக்கு எரிந்தவுடன் பயந்து மறுபடி மூடிக்கொள்வான். கண்ணையும் ஓரிடத்தில் நிறுத்த மாட்டான். அங்கிருந்த பையன் பொறுமையாகத்தான் இருந்தான், ஆனால் 'முடியாது அக்கா' என்று சொல்லிவிட்டான்.

மறுமொழி: மார்த்தாண்டத்திலிருந்து, 19 வயது மகளின் தாய்

மாமியாரின் பயம் எனக்கும் இருந்தது. குறைய வாய்ப்பே இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நான்கு வயதில் நடக்காத குழந்தை ஏழு வயதிலும் நடக்கவில்லை, தசை இறுக்கம் கூடியிருக்கிறது என்னும்போது கை கால் மதிப்பீடு குறைவதற்குக் காரணமில்லை. அப்படியே சற்றுக் குறைந்தாலும் அறிவுசார் குறைபாட்டின் 40 சதவீத வாசல் தனியாக நிற்கிறது. மேலும், சிறு வயதில் தரும் சான்றை எப்படியும் பின்னர் புதுப்பித்தாக வேண்டும். போவதா வேண்டாமா என்பதைவிட, எந்தத் தாள்களோடு போவது என்பதே உங்கள் கையில் இருக்கிறது.

ஆதாருக்கு விதிவிலக்குப் பதிவு என்று ஒரு முறை உண்டு. விரல்ரேகையோ கருவிழியோ பதிய இயலாதவர்களுக்கு, அவை இல்லாமலேயே புகைப்படத்தோடு பதிவு செய்யலாம். இயக்குபவர் தம் கணினியில் அந்த விதிவிலக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா மையங்களிலும் அதைச் செய்து பழக்கம் இல்லை. வேறொரு மையத்திலும் முடியாது என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். மனுவுக்கு எண் வாங்காமல் வர வேண்டாம்.

என் மகளுக்கும் கைமுட்டி இறுக்கம்தான். குளிப்பாட்டி வெந்நீர்ச் சூடு ஆறுவதற்குள், மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தாமாகவே விரியும்; விரல்களைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இயன்முறை மருத்துவர்தான். நீங்கள் மூன்றாவது முறை போகும்போது காலையில் அவனைக் குளிப்பாட்டியவுடன் புறப்பட்டு, முதல் ஆளாக உள்ளே போய் அதை ஒரு தடவை செய்து பாருங்கள். விரியவில்லை என்றால் உடனே விதிவிலக்கைக் கேளுங்கள், பிள்ளையை அழவைக்க வேண்டாம்.